நின்ற இடத்தில் ஓடிய லாரி

லாரி மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது அவள் ஒரு சட்டைக்கு இன்னொரு பட்டனைத் தைத்து முடித்து, மிச்ச நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள். ஸ்டியரிங் மேல் ஏழெட்டுச் சட்டைகள் தொங்கின. எல்லாம் அவள் புருஷன் வேலை பார்க்கும் சலவைக் கடைச் சட்டைகள், பட்டன் விழுந்தவை. ஆக்சிலரேட்டரை அவள் கால் மிதிக்கவில்லை. அந்த வேலையை ஒரு செங்கல் பார்த்துக்கொண்டது. முன்கண்ணாடிக்கு வெளியே சாலை இல்லை. லாரிப் பயிற்சிப் பள்ளி முதலாளியின் மனைவி காயப்போட்ட போர்வை ஒன்றுதான் காலையிலிருந்து எதிரே வந்துகொண்டே இருந்தது.

லாரியின் பின் அச்சை இரண்டு இரும்பு முக்காலிகள் மேல் ஏற்றிவைத்திருந்தார்கள். பின் சக்கரங்கள் தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் அந்தரத்தில் சுற்றின. டாஷ்போர்டில் அரசாங்கம் பொருத்திய கறுப்புப் பெட்டிக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டே விஷயம்: யாருடைய அட்டை செருகியிருக்கிறது, சக்கரம் சுற்றுகிறதா இல்லையா. சக்கரம் எதன் மேல் சுற்றுகிறது என்று கேட்கிற அளவுக்கு அதற்கு மூளை வைக்கவில்லை. பெட்டியைச் செய்தவனுக்கே அது இல்லாதபோது பெட்டிக்கு எங்கிருந்து வரும் என்பது அவள் கட்சி.

முன்பெல்லாம் லாரி லைசென்ஸ் என்றால் மைதானத்தில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினால் போதும். இப்போது சட்டம் மாறிவிட்டது. புதிதாக லாரி ஓட்ட வருகிறவன் வகுப்பில் இத்தனை மணி உட்கார வேண்டும், சாலையில் இத்தனை மணி ஓட்ட வேண்டும், பெட்டி அதற்குச் சாட்சி சொல்ல வேண்டும். சட்டம் வந்த மாதமே, மரக்கடையாக இருந்து நொடித்துப்போன இந்தக் கொட்டகை பயிற்சிப் பள்ளியாகிவிட்டது. முதலாளிக்கு மரமும் தெரியாது, லாரியும் தெரியாது; முக்காலி மட்டும் தெரியும். டீசல் மிச்சம், டயர் மிச்சம், விபத்துக்கு வழியே இல்லை. விபத்தைக் குறைக்கத்தானே சட்டம் போட்டார்கள், நம்முடைய லாரி இதுவரை ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை என்று அவர் வந்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார்.

பாடம் நடத்த ஒரு மாஸ்டர் இருந்தார். தொப்பை முதலில் வகுப்புக்குள் வரும், பின்னால் அவர் வருவார். சுவரில் ஒரு படத்தை ஓடவிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தால், படம் முடிந்து சுவர் வெள்ளையாகி வெகுநேரம் ஆன பிறகுதான் விழிப்பார். எழுத்துத் தேர்வுக்கு அவர் கற்றுக்கொடுத்த வித்தை ஒன்றுதான்.

"நாலு பதில் குடுத்திருப்பான். எது நீளமா இருக்கோ அதுல டிக் போடு. தப்பான பதிலை நீட்டி எழுத எவனுக்கும் பொறுமை கிடையாது."

எல்லோரும் அப்படியே டிக் போட்டார்கள், எல்லோரும் தேறினார்கள். அவளும்தான். அவள் கேள்விகளைப் படிக்கக்கூட இல்லை. படித்துத் தெரிந்துகொள்ள அதில் தனக்கு என்ன இருக்கிறது என்று நினைத்தாள்.

அவள் அப்படி நினைக்கக் காரணம் இருந்தது. ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய குடோனில் அவள் வருஷக்கணக்காக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவள். பலகையோடு சரக்கைத் தூக்கி, முட்டை உடையாமல் லாரிக்குள் வைத்துவிட்டு வருவாள். டிரைவர்கள் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறபோது, வழியை அடைத்து நிற்கும் லாரியை நகர்த்துவதும் அவள்தான். எட்டு சக்கரம், பத்து சக்கரம் எல்லாவற்றையும் நகர்த்தியிருக்கிறாள். ஓட்டத் தெரிந்தவளைப் பிடித்து உட்காரவைத்து ஓட்டக் கற்றுக்கொடுக்கிறோம் என்றால் கோபம் வருமா வராதா? மாஸ்டரைப் பற்றி வீட்டில் பேச்சு வந்தால், "நான் நகர்த்துன லாரியோட எண்ணிக்கைக்கு அந்த ஆளு டயரைக்கூடப் பார்த்திருக்க மாட்டான்" என்பாள். ஆனால் லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் குடோன் மேனேஜர் டிரைவர் வேலை தர மாட்டார்.

அந்த வேலை ஒன்றுதான் காலியாக இருந்தது. ஒரே ஒரு இடம். அதற்காக அவள் ஃபோர்க்லிஃப்டை விட்டுவிட்டு வந்திருந்தாள். அந்த வண்டியில் இப்போது வேறொருத்தி உட்கார்ந்துவிட்டாள். டிரைவர் ஆனால் சம்பளம் கூடும் என்பது ஒரு பக்கம். குடோனில் டிரைவர்கள் உட்கார்ந்து டீ குடிப்பார்கள், மற்றவர்கள் நின்றுகொண்டு குடிப்பார்கள் என்பது இன்னொரு பக்கம். அதற்கும் மேலே ஒன்று இருந்தது, அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. இத்தனை வருஷமாக அவள் ஏற்றிவிட்ட சரக்கெல்லாம் கேட்டைத் தாண்டி இடது பக்கம் திரும்பி எங்கோ போயின. எங்கே போயின என்று அவள் ஒரு நாளும் கண்டதில்லை. அந்தத் திருப்பத்துக்கு அப்பால் போக வேண்டும் என்ற ஆசை அவளுக்கு வெறியாகவே இருந்தது.

அதே இடத்துக்குக் குறிவைத்து இன்னொரு ஆளும் அந்தக் கொட்டகைக்கு வந்துகொண்டிருந்தான். அவனை எல்லோரும் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டார்கள். கல்யாணமாகி மாமனார் வீட்டோடு இருப்பவன். போன் கடை, பழக்கடை, காப்பீடு பிடிக்கிற வேலை என்று எதில் கால் வைத்தாலும் வழுக்கி விழுந்து, கடைசியில் மாமனார் பிடரியைப் பிடித்து இங்கே தள்ளியிருந்தார். மாமனார் அதே குடோனில் கணக்கர். மீசை முளைத்த பிள்ளையை ஒருத்தர் சாப்பாட்டு டப்பாவோடு கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவதைப் பார்த்த முதல் நாளே அவளுக்கு அவன்மேல் இளக்காரம் விழுந்துவிட்டது.

அவன் அந்தத் தொங்கும் லாரியில் ஏறி உட்கார்ந்து செய்கிற கூத்தைப் பார்த்தபிறகு அந்த இளக்காரம் இன்னும் ஏறியது. மற்றவர்கள் ஏறியதும் செங்கல்லை வைத்துவிட்டுப் போனை எடுப்பார்கள். இவன் சீட்டை முன்னே பின்னே இழுத்துச் சரிசெய்வான், இரண்டு கண்ணாடியையும் துடைப்பான், பெல்ட் போடுவான். எதிரே தொங்கும் போர்வையைப் பார்த்து ஹாரன் அடிப்பான். இல்லாத முனையில் இண்டிகேட்டர் போட்டு, இல்லாத சைக்கிளுக்கு வழி விட்டு, இல்லாத சிக்னலில் நிறுத்துவான். இறங்குவதென்றால் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஹேண்ட் பிரேக் குமிழை இழுத்து, 'புஸ்ஸ்' என்று காற்று போகிற சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் கதவைத் திறப்பான். சக்கரம் நின்றால் பெட்டியும் நின்றுவிடும். மாஸ்டர் தலையில் அடித்துக்கொள்வார்.

"டேய் மாப்பிள்ளை, சக்கரத்தை நிறுத்தாதேடா! நீ நிறுத்தற ஒவ்வொரு தடவையும் மணி போகுது. இப்படியே போனா உன் புள்ள வந்துதான் உன் பயிற்சியை முடிப்பான்."

"சரி மாஸ்டர்" என்று பல்லைக் காட்டுவான். மறுநாள் திரும்பவும் அதையே செய்வான்.

அவளோ, டீ வந்துவிட்டது என்று குரல் கேட்டால் போதும், ஓடிக்கொண்டிருக்கிற லாரியிலிருந்து ஊசியும் நூலுமாக அப்படியே கதவைத் திறந்து இறங்கிவிடுவாள். ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை. போன் அடித்தால் இறங்குவாள், மழைத் தூறல் விழுந்தால் போர்வையை எடுத்துக் கொடுக்க இறங்குவாள், சும்மா இடுப்பு வலித்தாலும் இறங்குவாள். சக்கரம் பின்னால் சுற்றிக்கொண்டே இருக்கும். டீ குடித்துக்கொண்டே தன் கிலோமீட்டர் ஏறுவதைக் கேட்பது அவளுக்கு ஒரு சுகமாகக்கூட இருந்தது.

"அங்க பாரு, இன்னும் ஊர் தாண்டல போல" என்று லாரிக்குள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையைக் காட்டி ஒரு நாள் அவள் சொன்னாள். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தான்.

"இல்லக்கா. எனக்கு எதுவுமே லேசுல ஏறாது. அதான் விளையாடிப் பார்க்கிறேன்."

"விளையாடு, விளையாடு. வீட்ல மாமனார்கிட்ட சொல்லி ஒரு விசிலும் வாங்கிக்கோ" என்றாள்.

லைசென்ஸ் வந்தது. அவளுக்கு முதலில், அவனுக்குப் பத்து நாள் கழித்து. குடோனில் சோதனை ஓட்டத்துக்கு இருவரையும் ஒரே நாளில் வரச் சொன்னார்கள். அவள் குளித்து, புருஷன் தானே இஸ்திரி போட்டுத் தந்த சட்டையை மாட்டிக்கொண்டு போனாள். மேனேஜர் வந்து நின்றார். ஆனால் முடிவு சொல்லப்போகிறவர் அவர் இல்லை, பெரிய டிரைவர். ஒல்லியான ஆள். யாரிடமும் அதிகம் பேச மாட்டார், பேசினாலும் முகத்தைப் பார்க்க மாட்டார். அவர் பக்கத்து சீட்டில் உட்காருவார்; சரக்கேற்றிய லாரியைக் கேட்டுக்கு வெளியே கொண்டுபோய், மேம்பாலம் ஏறி இறங்கி, திரும்பிவந்து, பின்பக்கமாகச் சரக்கு மேடையில் அணைக்க வேண்டும். அவ்வளவுதான்.

மாப்பிள்ளை முதலில் ஏறினான். கேட்டிலேயே வண்டி ஒரு குலுக்கு குலுக்கி அணைந்தது. கியர் மாற்றும்போது வந்த சத்தத்தில் வாட்ச்மேன் காதைப் பொத்திக்கொண்டான். போனவர்கள் திரும்பிவர நேரமாயிற்று. வந்ததும் மேடைக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்திவிட்டு இறங்கினான். மேடையில் அணைத்துவிட்டால் பின் கதவைத் திறக்க இடம் இருக்காது என்பதால் முன்கூட்டியே இறங்கித் திறந்து மாட்டிவிட்டு வருவதுதான் அங்கே முறை. திறந்தான், மாட்டினான், மறுபடி ஏறினான். அப்புறம் ரிவர்ஸ் எடுக்க ஆரம்பித்தான் பாருங்கள், வண்டி கோணிக்கொண்டு போனது, முன்னே வந்தது, மறுபடி கோணியது. ஒரு வழியாக மேடையில் அணைத்தபோது அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மாமனார் ஆபீஸ் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவளுக்கு அந்த நிமிஷமே வேலை கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது. பாவம் என்று சொல்லிக்கொள்ளவும் செய்தாள், ஜெயித்தவர்கள் சொல்கிற பாவம்.

அவள் ஏறினாள். ஏறின விதத்திலேயே தெரிந்திருக்கும், வண்டி அவள் கைக்கு அடங்கியது. கேட்டைத் தாண்டி இடது பக்கம் திரும்பினாள். அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு பெட்ரோல் பங்க், சிமென்ட் குழாய்கள் அடுக்கிய மைதானம், அப்புறம் மேம்பாலம். பாலத்தின் மேல் ஏறியதும் சாலை நீளமாக விரிந்தது. பாரத்தோடு இறங்குகிறபோது கியரைக் குறைத்து, பிரேக்கை அழுத்தாமல் என்ஜினாலேயே பிடித்து இறக்கினாள். பெரிய டிரைவர் அவளை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். இதுவரை அவர் யாரையும் அப்படிப் பார்த்ததில்லை என்று அவளுக்குத் தெரியும். சந்தோஷத்தில் அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

குடோனுக்குள் வந்து, ஒரே வளைப்பில் லாரியின் பின்புறம் மேடைக்கு நேராக வரும்படி கொஞ்சம் முன்னால் நிறுத்தினாள். மேடையில் நின்றிருந்த லோடுமேன்களில் ஒருவன் கை தட்டினான். கியரை நியூட்ரலில் விட்டாள், கதவைத் திறந்தாள், இறங்கினாள். பின்கதவைத் திறக்க லாரியின் நீளத்தைக் கடந்து நடந்தாள்.

மேடையை ஒட்டிய தரை கொஞ்சம் சரிவு. மழைத் தண்ணீர் ஓட வேண்டுமென்று கட்டினவன் விட்ட சரிவு, கண்ணுக்குத் தெரியாது. அவள் கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தபோது தாழ்ப்பாள் அவள் கையைத் தள்ளியது. முதலில் அவளுக்குப் புரியவில்லை. ஒரு அடி பின்னால் வைத்தாள், கதவு கூடவே வந்தது. இன்னொரு அடி வைத்ததும் முதுகில் சரக்கு மேடையின் சிமென்ட் விளிம்பு இடித்தது. லோடுமேன்கள் கத்தினார்கள். அத்தனை டன்னும் சத்தமே இல்லாமல், ரொம்ப மெதுவாக அவளை நோக்கி வந்துகொண்டிருந்தது. அப்போது முன்னாலிருந்து 'புஸ்ஸ்' என்று ஒரு சத்தம். லாரி நின்றது. கதவுக்கும் அவள் மூக்குக்கும் நடுவே ஒரு கைக்குட்டையைத் தொங்கவிடுகிற இடம்தான் இருந்தது.

பெரிய டிரைவர் நிதானமாக இறங்கிவந்தார்.

"பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்மா. இறங்கறப்போ ஞாபகம் வரும்னு நினைச்சேன். கதவு மூடறப்போ வரும்னு நினைச்சேன். வரல."

"சார், நான் இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட..." என்றாள். உண்மைதான். எத்தனையோ லாரியை நகர்த்தியிருக்கிறாள், ஹேண்ட் பிரேக் போடாமல் ஒரு தடவைகூட இறங்கியதில்லை. அந்தக் கொட்டகைக்குப் போகிற வரைக்கும்.

"எங்க கத்துக்கிட்டீங்க?"

அவள் வாய் திறந்தாள். முக்காலியைச் சொல்லலாம், செங்கல்லைச் சொல்லலாம், மாஸ்டரின் தொப்பையைச் சொல்லலாம். அந்தப் பள்ளிக்கூடம் ஒரு திருட்டுக் கொட்டகை என்று ஊரைக் கூட்டலாம். ஆனால் பத்தடி தள்ளி மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தான், முகம் வெளிறி, இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு. அவனும் அதே லாரியில்தான் உட்கார்ந்தான்.

"அவன் கத்துக்கிட்ட இடத்துலதான்" என்றாள்.

பெரிய டிரைவர் மாப்பிள்ளையைப் பார்த்தார். "ஓட்டறதை நான் ஒரு மாசத்துல சொல்லிக் குடுத்துடுவேன். இறங்கறதைச் சொல்லிக் குடுக்க முடியாது" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

வேலை மாப்பிள்ளைக்குப் போனது. வீட்டில் புருஷன் அவள் எதிர்பார்த்ததையே சொன்னான். "மாமனார் உள்ளேயே இருக்காரு. பேசி முடிச்சிருப்பாங்க. உனக்குத் தெரியாதா?"

"ஆமாம், பேசித்தான் முடிச்சாங்க" என்றாள். பக்கத்து வீட்டிலும் அதையே சொன்னாள், அக்கா தங்கச்சிகள் போன் செய்தபோதும் அதையே சொன்னாள். சொல்லச் சொல்லக் குரலில் கொஞ்சம் உண்மை ஏறினமாதிரிகூட இருந்தது. மகள் மட்டும், "ஏம்மா, நீ பிரேக் போடாம இறங்கிட்டியாமே?" என்று கேட்டாள். குடோன் லோடுமேன் ஒருவனின் பெண் அவளோடு படிக்கிறது. அவள் மகளை அறையவில்லை. அறைந்திருந்தால் தேவலை என்று ராத்திரி முழுக்கப் புழுங்கினாள். மாஸ்டர்மேல் வெறுப்பு, முதலாளிமேல் வெறுப்பு, அந்த அசட்டுச் சிரிப்புக்காரன்மேல் வெறுப்பு. எல்லாவற்றையும் திரட்டிப் பார்த்தால் தன்மேல் இருந்ததற்குப் பாதிகூடத் தேறவில்லை.

மேனேஜர் நல்ல மனுஷன்தான். கூப்பிட்டு வேறு வேலை கொடுத்தார். அவள் லாரி உருண்டதைப் பார்த்துப் பயந்துபோய் கம்பெனி புதிதாக ஒரு ஏற்பாடு செய்திருந்தது: இனிமேல் எந்த லாரி ரிவர்ஸ் வந்தாலும் பின்னால் ஒரு ஆள் நின்று கை காட்ட வேண்டும். டிரைவர் அந்தக் கையைப் பார்த்துத்தான் வர வேண்டும், தன் கண்ணை நம்பி வரக்கூடாது. ஆரஞ்சு நிறச் சட்டையும் கழுத்தில் ஒரு விசிலும் அவளுக்குத் தந்தார்கள். அவளால் உண்டான வேலைக்கு அவளையே வைத்தார்கள்.

"மனசு விட்டுடாதீங்க" என்றார் மேனேஜர். "அவனுக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகல. அதுக்குள்ள வண்டியில ஒரு கீறல் விழுந்தாலும் வீட்டுக்குத்தான். இடம் காலியானா அடுத்தது நீங்கதான்."

ஆறுதலுக்குச் சொன்னார். அவள் தலையாட்டினாள்.

மாப்பிள்ளை தனியாகச் சரக்கு எடுத்துப்போய்த் திரும்பிய முதல் நாள் காலையிலிருந்தே மழை. கேட்டில் இரண்டு தடவை ஹாரன் அடித்தான். அதில் பெருமை ஒழுகியது. ஜன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டினான்.

"அக்கா, அந்த மேம்பாலத்தைத் தாண்டி ரொம்பத் தூரம் போனா ஒரு பெரிய ஏரி இருக்குதுக்கா! தண்ணி எவ்வளவு தெரியுமா? நீங்க பார்த்ததில்லையே?"

"பார்த்ததில்ல" என்றாள்.

"ஒரு நாள் கூட்டிட்டுப் போறேன்."

மேடைக்கு முன்னால் நிறுத்தினான். புஸ்ஸ் என்றது. இறங்கிவந்து நனைந்துகொண்டே கதவுகளைத் திறந்து மாட்டினான், அவளைப் பார்த்துச் சிரித்தான், ஓடிப்போய் ஏறிக்கொண்டான். மேடையின் இடது ஓரத்தில் கூரையைத் தாங்கும் இரும்புத் தூண் ஒன்று இருக்கிறது. லாரி கோணிக்கொண்டு வந்தால் அதன் பின் மூலை நேரே அந்தத் தூணுக்குப் போகும். வழக்கம்போல அவன் கோணிக்கொண்டுதான் வந்தான். மழை கண்ணாடியில் வழிந்ததால் அவனுக்குத் தூண் தெரிந்திருக்காது. ஆரஞ்சுச் சட்டை தெரிந்திருக்கும்.

அவள் கையை உயர்த்தி உள்ளங்கையைத் தன் பக்கம் மடக்கி அசைத்தாள். வா.

லாரி வந்தது. லோடுமேன்கள் உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆபீஸ் ஜன்னலில் மழைச்சாரலுக்குத் திரை இழுத்துவிட்டிருந்தது.

"வரலாமாக்கா?" என்று முன்னாலிருந்து கத்தினான்.

விசில் உதட்டில் இருந்தது, அதில் மழைத் தண்ணீரின் இரும்பு ருசி. லாரியின் மூலைக்கும் தூணுக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது, அப்புறம் அரை முழம். பக்கக் கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. அவன் அக்கம்பக்கம் எதையும் பார்க்கவில்லை. பாடம் படிக்கிற பிள்ளை மாதிரி நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு, கண் கொட்டாமல் அவள் கையை மட்டும் பார்த்தபடி வந்துகொண்டிருந்தான். கை இன்னும் அசைந்துகொண்டிருந்தது.